விளையாடாதவர் டி அண்ட் டி லோர் புத்தகம் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு கணினி வழியாக டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டை விளையாடுகிறான். அவன் அலமாரியில் இருந்த ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சில பக்கங்களைக் கீழே வைக்க மனம் வரவில்லை. சில பக்கங்கள் வெறும் எண்ணும் சுருக்கெழுத்துமாக இருந்தன. எனக்கென ஒரு பிரதி வாங்கலாம் என்று விசாரித்தால், “இனி அச்சில் வராது” என்று ஒரு விற்பனையாளர் 11,000 ரூபாய் சொல்கிறார். இன்னொருவர் 300 ரூபாய்க்கு பி.டி.எஃப். தருகிறேன் என்கிறார். நான் பகடை உருட்டப் போவதில்லை. கதை படிப்பவள், சிறுவர்களுக்குக் கதை எழுதுபவள். என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் புத்தகம் பயன்படுமா?

பதில்: பயன்படும் அம்மா. ஆனால் முழுப் புத்தகமும் அல்ல, அதன் முதல் அத்தியாயம் மட்டும். அந்த ஒரு அத்தியாயத்துக்கு 11,000 ரூபாய் கொடுக்காதீர்கள். 300 ரூபாயும் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒரு பிரதி இருக்கிறது. மகனிடம் கேட்டு ஒரு மாதம் வைத்துப் படியுங்கள்.

இனி காரணம். மேசை விளையாட்டில் இரண்டு வகைப் புத்தகங்கள் உண்டு. எப்படி விளையாடுவது என்று சொல்வது விதிப் புத்தகம். அந்த உலகத்தில் யார் வாழ்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள் என்று சொல்வது லோர் புத்தகம். ஆட்டத்தை நடத்துபவரை டி.எம். என்பார்கள், கதையை முன்கூட்டித் தயார் செய்ய அவருக்கு இது வேண்டும். விளையாடாதவருக்கு விதிப் புத்தகத்தால் ஒரு பயனும் இல்லை. லோர் புத்தகம் அப்படியல்ல, அது தனியாகவும் நிற்கும். சிக்கல் என்னவென்றால், கடைக்கு வருவதில் பெரும்பாலானவை இரண்டும் கலந்த புத்தகங்கள். எத்தனை பக்கம் கதை, எத்தனை பக்கம் எண் என்று பின்னட்டையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? இத்தனை வருஷமாகியும் அந்த ஒரு வரியைப் போட மாட்டேன் என்கிறார்கள். இணையக் கடைகளோ எல்லாவற்றையும் சேர்த்து ‘பொம்மைகள், விளையாட்டுகள்’ என்ற தலைப்பில் தள்ளிவிடுகின்றன. உங்களைப் போன்ற ஒரு வாசகர் எங்கே போய்த் தேடுவார்?

உங்கள் மகனிடம் இருப்பது 2016-இல் வந்தது, 224 பக்கம். முதல் அத்தியாயம் ஏறக்குறைய நூறு பக்கம். பிஹோல்டர், ராட்சதர், நோல், காப்ளின், சூனியக்காரி, கோபோல்டு, மைண்ட் ஃப்ளேயர், ஓர்க், யுவான்-டி என்று ஒன்பது கற்பனைக் கூட்டத்தாரின் வாழ்க்கையை அது சொல்கிறது. நீங்கள் கீழே வைக்க முடியாமல் படித்த பக்கங்கள் இந்த அத்தியாயத்தில் இருப்பவையாகத்தான் இருக்கும். இரண்டாவது அத்தியாயம் விளையாடுபவர் தன் பாத்திரத்தை உருவாக்குவதற்கு. மூன்றாவது பெரும்பாலும் எண்கள்.

ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். ராட்சதர்களுக்குள் ‘ஆர்டனிங்’ என்று ஒரு படிநிலை உண்டு. புயல் ராட்சதர் உச்சியில், அடுத்து மேகம், நெருப்பு, உறைபனி, கல், கடைசியில் குன்று ராட்சதர். இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் பட்டியல். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மதிப்பை அளக்கும் கோல் வேறு வேறு. மேகத்தாருக்குச் செல்வம், உறைபனியாருக்கு உடல்வலு, கல் ராட்சதருக்குக் கலைத்திறன். குன்று ராட்சதருக்குத் தீனி: அதிகம் தின்று பெருத்தவன்தான் தலைவன். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவனுக்கு வயிறு கெட்டு, தின்றதெல்லாம் வாந்தியாகிறது என்று வையுங்கள். அவனை அடித்துத் துரத்துவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. தெய்வம் அவன் வழியாகப் பேசுகிறது என்று நம்பி, இடுக்கான இடத்தில் அடைத்து, பட்டினி போட்டு, அவன் பிதற்றுவதை அருள்வாக்காகக் கேட்கிறார்கள். அவனுக்கு ‘க்ரோலாண்டரின் வாய்’ என்று பெயர். சாப்பாடே மதிப்பு என்றிருக்கும் ஊரில் சாப்பிட முடியாதவன் சாமியாகிறான். இதைப் படித்து ரசிக்கப் பகடை எதற்கு?

நம் மணிமேகலையில் சாதுவன் கதையை நினைத்துப் பாருங்கள். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறவன், அவர்கள் தலைவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறான். கள் காய்ச்சும் பானை, புலால் நாற்றம், காய்கிற வெள்ளெலும்பு, நடுவே பெண்ணோடு கரடிபோல் உட்கார்ந்திருக்கும் தலைவன். சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரியும், அதனால் பிழைக்கிறான். அந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்த அத்தியாயமும் பிடிக்கும். பயப்பட வேண்டியவர்களாக மட்டும் காட்டாமல், தங்களுக்கென ஒரு நியாயம் வைத்து வாழ்கிறவர்களாகவும் காட்டுகிற எழுத்து இது.

விளையாட்டுக்காக எழுதியது வெளியே பயன்பட்டதற்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டார் வார்ஸ் உலகத்துக்கு மேசை விளையாட்டும், கூடவே அந்த உலகத்தைப் பற்றிய தகவல்கள் கொண்ட ஒரு சோர்ஸ்புக்கும் கொண்டுவந்தது. படங்களில் மதுக்கடைக் காட்சியில் வந்துபோன பல இனங்களுக்கு அதுவரை ஒழுங்கான பெயர்கூட இல்லை. சுத்தியல் தலைக்காரரைப் பொம்மைக் கம்பெனி ‘ஹாமர்ஹெட்’ என்றுதான் விற்றது. இத்தோரியன், ரோடியன், ட்விலெக் என்ற பெயர்களெல்லாம் இந்த விளையாட்டுப் புத்தகங்கள் தந்தவை. பிறகு டிமோதி ஸான் 1991-இல் வெளியான தன் ஸ்டார் வார்ஸ் நாவலை எழுதும்போது, ஆதாரத்துக்காக, அந்தப் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அவருக்கு அனுப்பியது இதே புத்தகங்களைத்தான். இன்று பகடையைக் கண்ணால் பார்க்காத கோடிக்கணக்கானோர் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள்.

நீங்களும் எழுதுபவர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னிடம் வருகிற எழுத்தாளர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஸானுக்கு அனுமதி இருந்தது. உங்களுக்கும் எனக்கும் இல்லை. படித்து மகிழ்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதிலிருந்து எடுத்துக் கதை எழுதி வெளியிடுவது வேறு விஷயம். ராட்சதர், சூனியக்காரி, காப்ளின், கோபோல்டு எல்லாம் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் நூற்றாண்டுகளாக இருப்பவை, யாருக்கும் சொந்தமல்ல. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், யுவான்-டி அப்படியல்ல. அவற்றை விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தன் உடைமை என்று பெயர் சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறது. சிலர் உடனே, “2023 ஜனவரியில் எல்லாவற்றையும் பொதுவுக்குக் கொடுத்துவிட்டார்களே” என்பார்கள். எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. எஸ்.ஆர்.டி. 5.1 என்ற ஓர் ஆவணத்தை மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அது பெரும்பாலும் விதிகள். பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னால் யாரும் எடுத்தாளலாம். வோலோ புத்தகம் அந்த ஆவணத்தில் இல்லை. ஆகவே அதன் பத்திகளை மொழிபெயர்த்துப் போடுவது கூடாது. ‘க்ரோலாண்டரின் வாய்’ என்ற பெயரோடு சிறுவர் கதை எழுதுவதும் வேண்டாம். ‘தீனியே பெருமை என்றிருக்கும் ஊரில் சாப்பிட முடியாதவன்’ என்ற எண்ணம் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், உங்கள் ஊர், உங்கள் பெயர், உங்கள் நடை வைத்து வேறொரு கதையாக எழுதுங்கள். எண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது, எழுதப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு. பாம்பு மனிதர் வேண்டுமென்றால் யுவான்-டியிடம் ஏன் போக வேண்டும்? நாகலோகமே நம்மிடம் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் கேட்டால் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களிடம் பேசிய இரண்டு விற்பனையாளர்கள்.

11,000 சொன்னவர் பாதி உண்மை சொல்கிறார். இந்தப் புத்தகத்தின் இடத்தில் 2022-இல் வேறொன்று வந்துவிட்டது, அதனால் புதுப் பிரதி கிடைப்பது கடினம். ஆனால் இது அமெரிக்காவில் 49.95 டாலர் அட்டை விலையில், ஊரெங்கும் விற்ற புத்தகம். கையால் எண்ணிப் போட்ட அரிய பதிப்பு அல்ல. விளையாட்டுக் கடைகளுக்கு மட்டும் என்று வேறு அட்டைப்படத்தோடு ஒரு பதிப்பு வந்தது. அதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். உள்ளே எழுத்து ஒன்றுதான். அட்டையைச் சேகரிக்கிறவர் கொடுக்கட்டும், படிக்கிறவர் ஏன் கொடுக்க வேண்டும்?

300 ரூபாய்க்காரரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தப் புத்தகத்தை நிறுவனம் ஒருபோதும் பி.டி.எஃப். வடிவில் விற்றதில்லை. ஆகவே யார் கொடுத்தாலும் அது திருட்டுப் பிரதி. இதே கோப்பை அச்சடித்து ‘இறக்குமதி’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். முன்பணம் கட்டி, மூன்று வாரம் காத்திருந்து பிரித்தால், ஸ்பைரல் போட்ட கலர் ஜெராக்ஸ். இந்தப் புத்தகத்துக்கு ஓர் அழகு உண்டு. வோலோ என்ற ஊர்சுற்றி தன் பெருமை கலந்து எழுதிய சிறு குறிப்புகளும், எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி அவனைத் திருத்துகிற குறிப்புகளும் பக்கத்துக்குப் பக்கம் தனியாக வரும். எனக்கு வந்த பிரதியில் ஓரத்தை வெட்டியதில் அந்தக் குறிப்புகள் பாதி வரியோடு நின்றன. பணம் திரும்பி வரவில்லை.

மூன்றாவதாக ஒருவர் வருவார். “பழையது எதற்கு, அதன் புதிய பதிப்பு இருக்கிறதே” என்பார். ‘மார்டன்கைனன் பிரசண்ட்ஸ்: மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்’ என்ற புத்தகத்தைக் கையில் கொடுப்பார். வாங்காதீர்கள். வோலோவையும் 2018-இல் வந்த இன்னொரு புத்தகத்தையும் சேர்த்து உருவாக்கியதுதான். ஆனால் சேர்த்தது எண்களை. உங்களுக்குப் பிடித்த அந்த நூறு பக்கம் அதில் வரவில்லை. விளையாடுபவருக்கு அது நல்ல புத்தகமாக இருக்கலாம், உங்களுக்கு அது வெறும் எண் புத்தகம். எனக்குத் தாங்க முடியாத விஷயம் இதுதான். கதை படிப்பவர் விரும்பிய பகுதியை விட்டுவிட்டு ஒரு மாற்றுப் புத்தகம் போட்டார்கள். போட்ட கையோடு பழையதைத் தங்கள் டிஜிட்டல் கடையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்களுக்கு மட்டும் அது திறக்கும். அதற்கு முன், 2021 டிசம்பரில், திருத்தம் என்ற பெயரில் முதல் அத்தியாயத்திலிருந்தே சில பத்திகளை நீக்கினார்கள். நீக்கியதற்கான காரணங்களில் நியாயமானவையும் உண்டு. ஓர் இனம் முழுவதையும் பிறவியிலேயே கெட்டது என்று எழுதுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்திலிருந்து, கேட்காமல் பத்தி காணாமல் போவது எந்த ஊர் வழக்கம்? டிஜிட்டல் பிரதி வாங்கினால் உங்கள் கையில் இருப்பது புத்தகமல்ல, படிக்கும் அனுமதி. அதனால்தான் அலமாரியில் இருக்கிற அச்சுப் பிரதியைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை தீரவில்லை என்றால், வேறு வழி சொல்கிறேன். இந்த வோலோ 2016-இல் பிறந்தவன் அல்ல. வோலோ சுற்றித் திரியும் கற்பனை உலகத்தை உருவாக்கியவர் எட் கிரீன்வுட், கனடாவின் ஒன்டாரியோவில் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் 1992-இல் எழுதியது ‘வோலோஸ் கைட் டு வாட்டர்டீப்’. ஒரு கற்பனைத் துறைமுக நகரத்தின் சத்திரங்கள், மதுக்கடைகள், சந்துகள் பற்றிய சுற்றுலாக் கையேடு மாதிரி எழுதப்பட்டது. விலை அதிகமா என்பதற்குக் காசுச் சின்னம், ஆபத்தான இடமா என்பதற்குக் குத்துவாள் சின்னம். எந்தக் கடையில் எந்த மீன், எந்த வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று போகிறது. எண்கள் மிகக் குறைவு, அவற்றைத் தாண்டிப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. முக்கியமாக, இதன் பி.டி.எஃப். டி.எம்.ஸ் கில்ட் என்ற இணையத் தளத்தில் முறைப்படி விற்பனைக்கு இருக்கிறது. இடைத்தரகர் வேண்டாம். அந்தத் தளத்தில் போட்டிருக்கும் விலைக்கு மேல் இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

மகனின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அகர வரிசைப்படி பிஹோல்டர்தான் முதலில் வருகிறது. அது தனியாக வாழ்கிற பிராணி, முதல் வாசிப்புக்குச் சற்று வறட்சியாக இருக்கும். நேரே ராட்சதர் பகுதிக்குப் போங்கள், அடுத்து சூனியக்காரிகள். படித்த பிறகு மகனிடம் ஒன்று கேளுங்கள்: சனிக்கிழமை ஆட்டத்தில் இதில் எதையாவது அவர்கள் பயன்படுத்தினார்களா என்று. அவன் டி.எம். ஆக இருந்தால், அன்றைக்குச் சாப்பாடு ஆறிவிடும்.