பத்து ஊர் வேண்டாம், ஓர் ஊர் போதும்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. என் கணவர் ஒரு பட்டியல் போட்டுவிட்டார். சிதம்பரம், பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர், காரைக்கால், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. எல்லாம் காரில். அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. ஆனால் கோயில் இல்லாத பயணத்துக்கு வரமாட்டார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. எனக்கு எந்த ஊரையும் பார்க்க ஆசையில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் "அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என்கிறார்கள். நான் கேட்பது தப்பா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புத் தோழிக்கு,

தப்பே இல்லை. உங்கள் கணவரின் பட்டியலும் தப்பில்லை. மூன்று பயணத்தை ஒன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறார், அதுதான் சிக்கல். நான்கு நாளில் பத்து ஊர் என்றால் ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், ஈரத் துணியைத் தேடுவதும், "அத்தை மாத்திரை எந்தப் பையில்?" என்று கேட்பதும் யார்? நீங்கள்தான். வீட்டு வேலை அப்படியே காரில் ஏறி உட்கார்ந்து உங்களோடு வரும்.

அதனால் ஓர் ஊரில் இறங்கி, அங்கேயே இருங்கள். நான் சொல்லப்போகும் ஊர் அந்தப் பத்தில் இல்லை. திருக்கடையூரிலிருந்து காரைக்காலுக்குப் போகும் வழியில் உங்கள் கார் நிற்காமல் கடந்துவிட்டிருக்கும். தரங்கம்பாடி.

ஏன் இந்த ஊர்? சின்னது. பழைய நகர வாசலில் நுழைந்து நேராக நடந்தால், அத்தையின் கால் வேகத்தில்கூட, கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். அந்த ஒரே தெருவில்தான் பழைய தேவாலயங்களும் டேனிஷ்காரர்கள் காலத்துக் கட்டடங்களும். தெரு முடிகிற இடத்தில் ஒரு பக்கம் கோட்டை, எதிரே திறந்த வெளி, அதற்கப்பால் தண்ணீர். வேளாங்கண்ணி போல் கடை வரிசையும் கூட்டமும் கிடையாது. பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லாத ஊர். உங்களுக்கு வேண்டியது அதுதானே?

இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் "ஓசோன் காற்று அதிகம்" என்பார்கள். அதை நம்பிக் கூடுதலாக மூச்சு இழுக்க வேண்டியதில்லை. சாதாரணக் கடற்காற்றே போதும்.

தேதியை மட்டும் மாற்றுங்கள். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வரும். வடகிழக்குப் பருவமழை முழுசாக விட்டிருக்காது, புத்தாண்டுக் கூட்டம் வேறு. ஜனவரியில் காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரையிலும் கால் வைக்க இடம் இருக்காது. பிப்ரவரிதான் சரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பிள்ளைகளுக்குத் திங்கள், செவ்வாய், புதன் லீவு எழுதிக் கொடுங்கள். எட்டாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் மூன்று நாள் போனால் ஒன்றும் ஆகிவிடாது. ஞாயிறு மதியம் போய் இறங்கினால், அன்று மாலையோடு வார இறுதிக் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் கடற்கரையில் ஊர்க்காரர்களும் நீங்களும்தான்.

முடிந்தால் பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உள்ளே வருகிறமாதிரி பாருங்கள். மாசி மகம் மட்டும் வேண்டாம், தீர்த்தவாரிக்குக் கடற்கரை ஊர்களில் கூட்டம் தாங்காது. இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் எழும், ஆனால் கடலில் இறங்காது. அதனால் மாலையில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் சீக்கிரமே அறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். பௌர்ணமிக்கு மறுநாள் நன்றாக இருட்டிய பிறகுதான் நிலா எழும். முதலில் தண்ணீர்க் கோட்டில் அழுக்குச் சிவப்பாக ஏதோ படகு விளக்கு போல ஒரு விளிம்பு தெரியும். நிலாவா என்று சந்தேகமாக இருக்கும்போதே பாதி வெளியே வந்துவிடும். கொஞ்சம் மேலே ஏறியதும் மஞ்சளாகி, அப்புறம் வெள்ளையாகி, கரை வரைக்கும் ஒரு வெளிச்சப் பாதை விழும். உங்கள் மகன் இதற்காக ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். நீங்கள் உட்காருவீர்கள்.

இருட்டில் மணலில் நடந்தால் டார்ச் அடிக்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்.

இப்போது தங்குமிடம். சமையலறையோடு வீடே வாடகைக்குக் கிடைக்கிறது, செலவு மிச்சம் என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். அடுப்பு இருக்கிற இடத்தில் உங்களுக்கு ஓய்வு கிடையாது. முதல் நாள் "ஒரு டீ மட்டும்", இரண்டாம் நாள் "பிள்ளைக்குக் கொஞ்சம் ரசம்", மூன்றாம் நாள் நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருப்பீர்கள். சாப்பாடு கொடுக்கும் விடுதியாகப் பாருங்கள். கீழ்த்தள அறை, உட்காரும் வகைக் கழிப்பறை, கரண்ட் போனால் ஜெனரேட்டர், இரவுச் சாப்பாடு உள்ளேயே கிடைக்குமா என்பது, இதையெல்லாம் பதிவு செய்வதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். சின்ன ஊர், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இட்லிக்கு அலைய முடியாது.

காரும் வேண்டாம் என்பேன். ஈரோட்டிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஓட்டுகிறவருக்கு முதல் நாளும் கடைசி நாளும் போச்சு. கோயம்புத்தூர் – மயிலாடுதுறை ஜன சதாப்தி காலையில் ஈரோடு வழியாக வருகிறது. கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாயவரத்தில் (மயிலாடுதுறைதான்) இறக்கிவிடும். திரும்பும் வண்டியும் மதியத்துக்கு மேல்தான், அதனால் புதன் காலையை அவசரமில்லாமல் கழிக்கலாம். (வாரத்தில் ஒரு நாள் ஓடாது, பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது. இப்போது அந்த 30 கிலோமீட்டருக்கு பஸ் அல்லது டாக்சிதான். அத்தை இருப்பதால் டாக்சியே பேசிக்கொள்ளுங்கள். கார் கையில் இல்லாவிட்டால் இன்னொரு நன்மை, "இங்கிருந்து நாகூர் பக்கம்தானே, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்ற பேச்சே எழாது.

அத்தைக்குக் கோயில் இல்லாமல் போகவில்லை. திருக்கடையூர் பக்கத்திலேயே, ஏழெட்டுக் கிலோமீட்டர். அபிராமி சன்னிதிக்கு விடியற்காலையில் ஆட்டோ வைத்துப் போனால், மணிவிழாக் கூட்டம் நிரம்புவதற்குள் தரிசனம் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் போக வேண்டாம். உங்கள் கணவர் அம்மாவை அழைத்துப் போகட்டும். மகனும் அம்மாவும் மட்டுமாகக் கடைசியாக எப்போது வெளியே போனார்கள்? அத்தையிடம் "எனக்கு முடியலை" என்று சொல்லாதீர்கள், பிறகு உங்கள் உடம்பைப் பற்றிய பேச்சாகிவிடும். "உங்க பையனோட நிம்மதியா கும்பிட்டுட்டு வாங்க அத்தை, பசங்களை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஊருக்குள்ளேயே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. அலைக்கு அணையாகப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் பாசி வழுக்கும், பையனை ஏற விடாதீர்கள்.

மகளுக்கு ஒரு கதை. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இந்த ஊரில் வாணிகம் செய்ய டென்மார்க் அரசருக்கு அனுமதி கொடுத்தார். பொன் தகட்டில் தமிழில் எழுதி அவர் அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அப்போது கட்டத் தொடங்கியதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை. 1845-இல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நடுவில் 1706-இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேயே தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். இதையெல்லாம் தெரு ஓரமாகவே பார்த்துவிடலாம், ஒரு காலைப் பொழுது போதும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் அதோடு முடித்துவிடலாம்.

கடலில் குளிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும், ஆழமும் சட்டென்று வரும். கணுக்கால் நனைவது போதும், அதுவும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பெரியவர் எப்போதும் நீங்களாகவே இருக்க வேண்டாம். காலை உங்கள் கணவர், மாலை நீங்கள் என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் நிறைய உயிர்களை இழந்தது. பிள்ளைகள் அதைப் பற்றி மீனவர்களிடம் வேடிக்கைபோலக் கேட்காமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலை காயும் இடமும் படகு ஏற்றும் இடமும் அவர்கள் வேலை செய்யும் இடம், போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

மீன் பிரியர்கள் வீட்டில் இருந்தால் பிப்ரவரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போட்டால் வெயில் கொடுமை, மீனும் குறைவு, இருப்பதும் விலை.

மிச்சம், நடுப்பகல். பதினொன்றிலிருந்து நான்கு வரை எந்தத் திட்டமும் போடாதீர்கள். தூங்குங்கள். உங்கள் கணவருக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். பட்டியல் போடுகிறவர்களுக்குச் சும்மா இருப்பது பழக வேண்டிய வேலை. அவருக்குக் கோடியக்கரையில் பூநாரை பார்க்க ஆசை என்றால், அது தனிப் பயணம். தரங்கம்பாடியிலிருந்து போய்வரவே ஒரு நாள் பிடிக்கும். அடுத்த வருஷம் நண்பர்களோடு போகட்டும். இதைச் சண்டையாக இல்லாமல் வாக்குறுதியாகவே கொடுத்துவிடுங்கள், பட்டியலை விடுவது அவருக்குச் சுலபமாக இருக்கும்.

ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். அத்தையால் மணலில் உட்கார்ந்து எழ முடியாது. கோட்டைக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தால் மாலை முழுக்க அவருக்கு ஊர் வேடிக்கை. தேதி முடிவானதும் ரயிலுக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள். இந்த ஊரில் நல்ல விடுதிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.