பதில்: வெப்பநிலையை ஏற்றியபின் எத்திலீன் ஆக்சைடு தேர்திறன் குறைகிறது

எத்திலீனையும் ஆக்சிஜனையும் வினைபுரிய வைத்து எத்திலீன் ஆக்சைடு செய்யும் உலையில், வெள்ளி வினையூக்கி பழையதாகி வேகம் குறைந்ததால் வெப்பநிலையை ஏற்றினீர்கள், உற்பத்தி மீண்டது, ஆனால் கார்பன் டைஆக்சைடு கூடிவிட்டது என்கிறீர்கள். சூடு ஏறினால் தேர்திறன், அதாவது வினைபட்ட எத்திலீனில் எரிந்து வீணாகாமல் எத்திலீன் ஆக்சைடாக மாறும் பங்கு, கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று கண்ணில் பட்டது: வினையூக்கிக்குக் குளோரின் தருவதற்காக வாயுவில் மிகச் சிறிதளவு சேர்க்கும் எத்தில் குளோரைடின் அளவை மாற்றவே இல்லை. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

வெள்ளியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குளோரின்தான் எத்திலீன் முழுதாக எரிவதைத் தடுக்கிறது. சூடு ஏறும்போது அது வேகமாகக் கழன்றுபோகும். உலைக்குள் செலுத்தும் ஊட்டவாயுவில் ஈத்தேன் இருந்தால் அதுவும் குளோரினை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஈத்தேன் அளவு மாறியதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் குளோரைடை மிகச் சிறிய படிகளாகக் கூட்டுங்கள். மேற்பரப்பு சமநிலைக்கு வர நேரம் எடுக்கும்; உடனே பலன் தெரியவில்லையே என்று அடுத்த படிக்குத் தாவ வேண்டாம். அளவு மிஞ்சினால் வேகமும் தேர்திறனும் சேர்ந்தே விழும், அங்கிருந்து திரும்புவது மெதுவான வேலை.

மறுசுழற்சி வாயுவில் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு? அது கூடினாலும் வேகம் குறையும். அப்படியென்றால் வெப்பநிலையை ஏற்றியிருக்கவே வேண்டாம், கார்பன் டைஆக்சைடை அகற்றும் கார்பனேட் கழுவும் பகுதியைச் சரிசெய்தாலே போதும்.

ஆக்சிஜனை மட்டும் எரியும் எல்லைக்கு, அதாவது வாயுக்கலவை தீப்பற்றக்கூடிய அளவுக்கு, அருகே கொண்டுபோகாதீர்கள்.