மெக்ஆர்தர் தனியாக எழுதிய அரசியலமைப்பா?

நண்பரே, 'ஜப்பானின் அரசியலமைப்பை எழுதியவர் மெக்ஆர்தர்' என்று கருத்தரங்கக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே போட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை ஆக்கிரமித்த நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான இந்த அமெரிக்கர் 1946 பிப்ரவரியில் கொடுத்தது மூன்று அம்சங்கள்தான்: பேரரசர் நீடிக்கலாம், போர் கூடாது, நிலப்பிரபுத்துவம் ஒழிய வேண்டும். வரைவை ஏறக்குறைய ஒரே வாரத்தில் எழுதி முடித்தது அவருடைய தலைமையகத்தின் அரசுப் பிரிவு. கணவன் மனைவிக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவுக்கு வித்திட்டவர், அந்த வரைவுக் குழுவில் இருந்த 22 வயதுப் பெண் பியாத்தே சிரோட்டா. டோக்கியோவில் வளர்ந்தவர், அங்கே பெண்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர். இதைக் கட்டாயம் சேருங்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், ஜப்பான் நாடாளுமன்றமும் அதை விவாதித்துத் திருத்தியது. அரசியலமைப்புக்கு வெளியே மெக்ஆர்தரின் பங்கைக் காட்ட நிலச் சீர்திருத்தம் நல்ல சான்று. ஜப்பான் அரசு கொண்டுவந்த முதல் திட்டம் போதாது என்று தலைமையகம் நெருக்கியதால்தான் 1946 அக்டோபரில் கடுமையான சட்டம் வந்தது.