இன்றைக்குக் கேபி எவ்வளவு?

சூரியப் புயல் கேள்விகளுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) பதில் சொல்கிறார்

கேள்வி: “இன்றிரவு சூரியப் புயல், 12 மணிக்கு மேல் செல்போனை அணைத்துவிடுங்கள்” என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அணைக்க வேண்டுமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

வேண்டாம் அம்மா. அணைத்தால் சார்ஜ் மிச்சமாகும், அவ்வளவுதான். புயல் தொந்தரவு செய்வது செயற்கைக்கோள்களையும், சிற்றலை வானொலியையும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் மின்கம்பிகளையும். 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தது அப்படித்தான். உள்ளங்கை அகலப் போனில் அவ்வளவு நீளக் கம்பி ஏது?

கேள்வி: தினமும் முன்னறிவிப்பு பார்க்கிறேன். கேபி 6 என்பார்கள், 3-ல் முடிந்துவிடும். ஏன் சார்?
- கல்லூரி மாணவர், ஓமலூர்

பூமியின் காந்தப்புலம் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதை 0 முதல் 9 வரை சொல்வது கேபி. 5-ஐத் தொட்டால்தான் புயல் என்று பெயர். அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையம் நம் நேரப்படி காலை 6, மாலை 6 என இரண்டு வேளை மூன்று நாள் கணிப்பு தருகிறது. பட்டியலில் இருப்பது உலக நேரம். 12-15 என்றிருந்தால் நமக்கு மாலை 5.30 முதல் 8.30 வரை. இதைக் கவனிக்காமல் கணிப்பைத் திட்டுகிறவர்கள் நிறைய!

சரி, ஏன் தவறுகிறது? சூரியனில் வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) மேகம் இங்கே வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். கிளம்பியதைப் படம் பிடிக்கலாம், வேகத்தையும் ஓரளவு கணிக்கலாம். ஆனால் அது சுமந்துவரும் காந்தப்புலம் வடக்கு பார்த்ததா, தெற்கு பார்த்ததா என்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் விண்கலங்களைத் தொடும்போதுதான் திட்டமாகத் தெரியும். நம் ஆதித்யா எல்1-ம் 2024 ஜனவரி 6 முதல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தெற்கு என்றால் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு என்றால் பெரும்பாலும் உரசிவிட்டுப் போய்விடும். அதன்பின் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. அதனால் நான் கேபியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வடக்கு-தெற்கைக் காட்டும் ‘பிஇசட்’ கோட்டைத்தான் கவனிப்பேன். மைனஸ் என்றால் தெற்கு. அது மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புல அளவு) கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தால் நம்புவேன்.

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் உள்ள துளையிலிருந்து வரும் சூரியக் காற்று வேறு ரகம். சூரியன் சுழல்வதால் 27 நாளுக்கொருமுறை திரும்பி வரும். அந்தக் கணிப்பு அதிகம் ஏமாற்றாது.

சூரியனின் மிகப் பலமான எக்ஸ் வகைச் சுடர் வெடிப்புக்கு அவகாசமே இல்லை. ஒளியோடு 8 நிமிடத்தில் வந்துவிடும். பகலில் 20 மீட்டர் சிற்றலையில் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போவார், பின்னணி இரைச்சலும் அடங்கிவிடும். ஆன்டெனா வயரை ஆட்டிப் பார்க்கத்தான் கை போகும். கீழ் அலைவரிசைகள் முதலில் மூழ்கி, கடைசியில்தான் மீளும்.

கேள்வி: பெரிய புயலின்போது ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் துருவ ஒளி தெரியுமா? திசைகாட்டி ஆடுமா?
- வாசகர், சூரமங்கலம்

அங்கிருந்து இரவில் ஜொலிப்பது சேலம் விளக்குகள்தான். 2024 மே புயலில் லடாக்கின் ஹான்லேயில் கேமராக்கள் செந்நிற ஒளியைப் பிடித்தன. நாமோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அந்தப் புயலில் பூமியின் காந்தப்புலம் சுமார் 400 நானோடெஸ்லா அளவுக்கே இறங்கியது. நம் ஊரில் இருக்கும் மொத்தப் புலமோ ஏறக்குறைய 40,000. முள் அசைவது கண்ணுக்குத் தெரியாது. திசைகாட்டி ஆடிப் பார்க்க ஆசையென்றால் கஞ்சமலைக்குப் போங்கள். அங்குள்ள மேக்னடைட் (காந்த இரும்புத் தாது) பாறைமேல் வைத்தால், சூரியனைக் கேட்காமலேயே முள் திரும்பும்.