யங்ஸ்டவுன் பெரியவரின் ஏக்கம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். மென்பொருள் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் மகளோடு வந்து தங்கியிருக்கிறார், எழுபது தாண்டியவர். சொந்த ஊர் யங்ஸ்டவுன், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஊரில் இருந்த எஃகு ஆலையில் சேர்ந்தவர். அப்பாவுக்கும் அதே ஆலைதான், ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலேறி வந்த தாத்தாவுக்கும் அதே ஆலைதான். எப்போது பார்த்தாலும் அந்த ஊர்ப் பேச்சு. ராத்திரியில் வானம் சிவந்து கிடக்குமாம். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரி படிந்தால் அம்மா அலுத்துக்கொள்ள மாட்டாராம், கரி விழுந்தால் சம்பளம் வருகிறது என்று அர்த்தம் என்பாராம். போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டினார். ஆலை இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. தெருவுக்குத் தெரு காலி மனை. ஒவ்வொன்றையும் காட்டி, இங்கே இன்னார் வீடு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு போய் முடிகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: வேலையை எல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டுபோய்விட்டான். சொல்லிவிட்டு, "உன்னைச் சொல்லவில்லை" என்று என் தோளைத் தட்டுவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

உண்மையிலேயே அது அவ்வளவு நல்ல காலமா? ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் ஏன் விட முடியவில்லை? இந்த ஏக்கத்தை மதிப்பதா, வயதானவர் பேச்சு என்று விட்டுவிடுவதா?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அவர் சொல்லாமல் விடுகிற பகுதியும் உண்மை, அது தெரிந்தால் அவர் மேல் உங்களுக்கு மரியாதை கூடத்தான் செய்யும்.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அன்று காலை அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஷிப்டுக்குக் கிளம்பி வந்தவர்களுக்கு அங்கே வந்துதான் தெரியும், அல்லது ரேடியோவில் கேட்டுத் தெரியும். அந்த நாளுக்கு 'கறுப்புத் திங்கள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அதே கம்பெனியின் பிரையர் ஹில் ஆலை 1979 கடைசியில் போனது, இன்னொரு கம்பெனியான யு.எஸ். ஸ்டீல் அதே ஊரில் இருந்த தன் 'ஓஹையோ' ஆலையை மூடியது, 1982 ஏப்ரலில் அந்த ஆலையின் ஊது உலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1930இல் 1,70,000 பேர் இருந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் 60,000 பேர். நீங்கள் பார்த்த காலி மனைகளின் கணக்கு இதுதான்.

சரி, இந்த வேலைகளைக் கொண்டுபோனது யார்? எழுபதுகளில் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் எஃகு வந்து குவிந்தது நிஜம், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர்களிடம் இருந்தது ஆக்ஸிஜன் செலுத்தி உருக்கும் புது உலை, முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கொப்பரை எஃகு இறங்கிவிடும். கேம்பெலில் கடைசி வரை ஓபன் ஹார்த் எனப்படும் பழைய உலைகள். ஒரு தடவை உருக்கி இறக்க மணிக்கணக்கில் ஆகும். ஏன் மாற்றவில்லை? 1969இல் அந்தக் கம்பெனியை வாங்கியது நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்கிற நிறுவனம், கப்பல் தொழிலில் வளர்ந்தது. தன்னைவிடப் பெரிய எஃகுக் கம்பெனியைக் கடன் வாங்கித்தான் வாங்கியது. அப்புறம் ஆலையில் வந்த காசு ஆலைக்குள் திரும்பவில்லை, கடனுக்கும் மற்ற தொழில்களுக்கும் போனது. இரும்புத்தாது ஏரித் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வரவேண்டிய ஊர் என்பதால் செலவும் கூடுதல். இத்தனையும் சேர்ந்துதான் அந்தத் திங்கட்கிழமை. ஏதோ புயல் அடித்து ஊர் அழிந்ததைப் போல எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆலையின் வாசலை ஒருநாளும் மிதிக்க வேண்டியிராதவர்கள் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த முடிவுக்கு ஒரு முகம் இல்லாததால் பெரியவர் வெளிநாட்டுக்காரனின் முகத்தை ஒட்ட வைக்கிறார்.

'வெளிநாட்டுக்காரன்' என்று அவர் சொல்கிறாரே, அவருடைய தாத்தா காலத்தில் அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று பாருங்கள். கேம்பெல் என்று இன்று அழைக்கப்படும் சிற்றூருக்கு அப்போது கிழக்கு யங்ஸ்டவுன் என்று பெயர். ஸ்லோவாக்கியர், இத்தாலியர், ஹங்கேரியர், கிரேக்கர் என்று கப்பலில் வந்து இறங்கியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கூலி மணிக்கு 20 சென்ட்டுக்கும் குறைவு. 1916 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலை வாசலில் கம்பெனிக் காவலர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள், உயிர்கள் போயின, அன்று இரவே ஊரின் கடைத்தெரு எரிந்து சாம்பலானது. அடங்காத அந்நியர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள் என்றுதான் அன்று அவர்களைத் திட்டினார்கள். இதற்குப் பிறகுதான் கம்பெனி தன் தொழிலாளர்களுக்குக் கான்கிரீட் வீடுகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. ஊரின் பெயரும் பின்னால் கம்பெனித் தலைவரான ஜேம்ஸ் கேம்பெலின் பெயராக மாறிவிட்டது, சுடப்பட்டவர்களின் பெயர் எந்த ஊருக்கும் வைக்கப்படவில்லை.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் 1923 வரை ஒழியவில்லை. 1937இல் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி மறுபடி வேலைநிறுத்தம். ஷீட் அண்ட் டியூப், ரிபப்ளிக் உள்ளிட்ட கம்பெனிகளுக்கு எதிராக நடந்த அந்தப் போராட்டத்தில் ஜூன் மாதம் ரிபப்ளிக் ஆலையின் வாசலில் பெண்கள் மறியல் செய்த அன்று மோதல் வெடித்து, இரண்டு பேர் செத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. நாலைந்து வருடம் கழித்துத்தான் கம்பெனிகள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசின, அதுவும் போர்க்கால அரசின் நெருக்குதலால். பெரியவர் பள்ளி முடித்து உள்ளே நுழைந்தபோது அவருக்குக் கிடைத்த சம்பளம், மருத்துவம், பென்ஷன், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் இப்படி வந்தவை. யாரும் கொடுத்ததில்லை. தாத்தாவும் அப்பாவும் வாங்கி வைத்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நல்ல காலம் தானாக வந்தது என்று நினைத்துவிட்டால், தானாகத் திரும்பி வரும், அல்லது யாரோ ஒருவர் மேடையேறி அதைத் திருப்பித் தருவார் என்று காத்திருக்கத் தோன்றும். 2017 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் யங்ஸ்டவுனுக்கே வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீட்டை விற்காதீர்கள் என்று பேசினார். பக்கத்தில் லார்ட்ஸ்டவுனில் 1966 முதல் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2019 மார்ச்சில் மூடியது. அவர் பேச்சை நம்பி வீட்டை வைத்துக்கொண்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்ட 'அது நல்ல காலமா?' யாருக்கு என்பதைப் பொறுத்தது. பெரியவரின் அம்மா கொடியில் பார்த்த கரி எங்கிருந்து வந்தது? நிலக்கரியை வேகவைத்துக் கோக் ஆக்கும் அடுப்புகளும் அதில் ஒரு காரணம். அந்த அடுப்புகளின் மேல்தளத்தில் நிற்பதற்குச் சாதாரண பூட்ஸ் தாங்காது, சூடு ஏறிவிடும் என்று கட்டையால் அடிப்பாகம் போட்ட செருப்பைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் புகை முகத்திலேயே அடிக்கும். அமெரிக்க எஃகு ஆலைகளில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் கறுப்பினத்தவரைத்தான் அனுப்பினார்கள். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் வெளிவந்து, அரசு விதிமுறை போட்டது 1976இல், கேம்பெல் மூடுவதற்கு ஒரு வருடம் முன்னால். அவர்களும் பெண்களும் நல்ல வேலைகளுக்கு மாற வழி திறந்த நீதிமன்ற உடன்பாடு 1974இல் வந்தது. கதவு திறந்து மூன்றே வருடத்தில் கட்டடமே போய்விட்டது.

ஆலைக்கு வெளியேயும் அப்படித்தான். 1951இல் யங்ஸ்டவுன் சிறுவர் பேஸ்பால் அணி ஒன்று நகரப் போட்டியில் ஜெயித்தது. கொண்டாட நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். அணியில் ஒரே ஒரு கறுப்பினப் பையன், ஆல் பிரைட். அவனை வேலிக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கூட வந்த பெரியவர்கள் சண்டை போட்ட பிறகு, குளத்தில் இருந்த எல்லாரையும் வெளியேற்றிவிட்டு அவனை ஒரு ரப்பர் மிதவையில் உட்கார வைத்து ஒரு சுற்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீரைத் தொடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடி. அந்தப் பையன் பிற்காலத்தில் ஓவியராகி, யங்ஸ்டவுன் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகி, கறுப்பினத்தவர் ஆய்வுத் துறையை அங்கே தொடங்கினார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். ஊரின் பழங்காலத்தைப் பேசும்போது அந்த மிதவையையும் சேர்த்துப் பேசினால்தான் அது அந்த ஊரின் கதை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஏன் இன்னும் விட முடியவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். வேலை போனால் வேறு வேலை தேடலாம். யங்ஸ்டவுனில் போனது வேலை மட்டும் இல்லை. அண்ணன், தம்பி, மச்சான், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் எல்லாரும் ஒரே ஆலையில், ஷிப்ட் முடிந்து ஒரே மதுக்கடையில், ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில். ஒரே சமயத்தில் அத்தனை பேருக்கும் வருமானம் நின்றால் ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றுக்கூடக் கொடுக்க முடியாது. வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டனுக்குப் போகலாம் என்றால் வீட்டை வாங்க ஆள் இல்லை. 1899 முதல் ஊரே கூடிய ஐடோரா பொழுதுபோக்குப் பூங்கா 1984இல் தீப்பிடித்து, அந்த வருடமே மூடிவிட்டது. 150 வருடம் வந்துகொண்டிருந்த ஊர்ப் பத்திரிகை 'விண்டிகேட்டர்' 2019 ஆகஸ்டில் நின்றது. இழப்பு ஒரே நாளில் முடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள், இவர்களுக்கு அது நாற்பது வருடம் தவணை தவணையாக வந்தது.

இன்னொன்று. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. யங்ஸ்டவுனைப் பற்றி எழுதுகிற பலர் இதை இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள், எனக்கு மனசு ஆறவே இல்லை. கேம்பெல் ஆலையை நாங்களே வாங்கி நடத்துகிறோம் என்று தொழிலாளர்களும் தேவாலயங்களும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் மலோன் முன்னால் நின்றார். 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்று வங்கியில் கணக்குத் திறந்து, வேலை போன ஆட்கள் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் தராததால் 1979இல் அது படுத்துவிட்டது. அடுத்தது யு.எஸ். ஸ்டீலின் ஓஹையோ ஆலைக்கான போராட்டம். 1980 ஜனவரி 28 அன்று பிரையர் ஹில் தொழிற்சங்கத் தலைவர் எட் மேன் சங்கக் கட்டடத்தில் பேசிவிட்டு, நான் இறங்கிப் போகிறேன் வாருங்கள் என்று மேட்டிலிருந்து இறங்கி நடக்க, கூட்டம் பின்னாலேயே போய் யு.எஸ். ஸ்டீலின் உள்ளூர்த் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. வழக்கறிஞர் ஸ்டாட்டன் லிண்ட் தொழிலாளர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். இத்தனை தலைமுறை உறவில் ஊருக்கும் ஆலையில் ஒருவித உரிமை உண்டாகியிருக்காதா என்று நீதிபதி லாம்ப்ராஸ் வாய்விட்டே கேட்டார். கேட்டவர், அப்படி ஓர் உரிமையைச் சட்டம் அறியாது என்று கடைசியில் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டிலும் தோல்வி. யு.எஸ். ஸ்டீல் அந்த ஆலையைத் தொழிலாளர்களுக்கு விற்கவும் சம்மதிக்கவில்லை.

1988இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பெரிய ஆலையை மூடுவதானால் 60 நாள் முன்னால் சொல்லியாக வேண்டும். யங்ஸ்டவுன் மாதிரி ஊர்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகு வந்தது அது. உங்கள் அலுவலகத்தில் மொத்தமாக ஆட்களைக் குறைத்தால் உங்களுக்கும் அந்தச் சட்டம்தான் கைகொடுக்கும், உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று அது கேட்காது.

பெரியவர் தோளைத் தட்டும்போது சண்டைக்குப் போகாதீர்கள், சும்மா சிரித்துவிட்டும் வராதீர்கள். எந்த டிபார்ட்மென்ட்டில் இருந்தீர்கள், கோக் அடுப்பில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். தாத்தா 1916 பற்றி வீட்டில் ஏதாவது சொல்லியிருக்கிறாரா, 1980இல் நீங்களும் அந்த மேட்டிலிருந்து இறங்கிப் போனவர்களில் ஒருவரா என்றும் கேளுங்கள். யங்ஸ்டவுனில் தொழிலும் உழைப்பும் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று 1992 முதல் இருக்கிறது, அடுத்த தடவை போகும்போது அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அவர் சம்மதித்தால் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்