பாடாங்கில் ராக் கேட்கப் போகும் தங்கச்சிக்கு

"அக்கா, சிங்கப்பூர் வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பள்ளியில் படித்த காலத்திலிருந்து ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழு என்றால் எனக்கு உயிர். இந்த அக்டோபரில் கார்ப்பந்தயத்தோடு நடக்கும் இசை விழாவுக்கு அவர்கள் வருகிறார்கள். என்னோடு வர யாரும் இல்லை. ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையில் இது வீண் செலவா? ராத்திரி தனியாகப் போய்வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள் தங்கச்சி. தனியாகவே போங்கள்.

முதலில் இந்த விழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேல்நாடுகளில் ஜூன், ஜூலையில் வயல்வெளியில் கூடாரம் போட்டு நடத்தும் கோடை இசை விழாக்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம்ம சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது, வருஷம் முழுக்க ஒரே புழுக்கம்தான். பெரிய ராக் குழுக்களைத் திறந்தவெளியில் கேட்க இங்கே கிடைக்கும் சிறந்த வாய்ப்பு, செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும் ஃபார்முலா ஒன் கார்ப்பந்தய வாரம். 2008இல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயமாகத் தொடங்கியது இது. சாயங்காலத்திலிருந்து இரவு வரை கார்கள், அப்புறம் நகர நடுவில் இருக்கும் பாடாங் திடலில் கச்சேரி. 2015இல் பான் ஜோவி, 2019இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், 2022இல் கிரீன் டே, ஸ்வேட் என்று நம் தொண்ணூறுகளின் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இந்த 2025இல் அக்டோபர் 3 முதல் 5 வரை நடக்கிறது. உங்கள் குழுவோடு ஸ்மாஷிங் பம்ப்கின்ஸும் வருகிறது.

என் கதையைச் சொன்னால் உங்கள் தயக்கம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். எனக்கு கிரீன் டேதான் எல்லாம். தஞ்சாவூரில் நாங்கள் இருந்த தெருவில் எல்லா வீட்டிலும் ரகுமானும் இளையராஜாவும் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் 1994இல் கிரீன் டேயைப் பெரிய குழுவாக்கிய அந்த இசைத்தொகுப்பு, சென்னையில் படித்த பெரியப்பா மகன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டாக என் கைக்கு வந்த பிறகு, அது எனக்கு மட்டுமே சொந்தமான ஒன்றாகிவிட்டது. பேச ஆள் இல்லை. வகுப்பில் பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. மூன்றே பேர் கிட்டார், பேஸ், டிரம்ஸ் வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக வாசிப்பார்கள். பாதி வரிகள் புரியாமலே முழுப் பாட்டும் மனப்பாடம். உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் பந்தயம் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் திரும்ப வந்தபோது மூன்று நாளில் 3,02,000 பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பந்தயமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. நனைந்த புல்லில் காத்திருந்தோம். அதன் பிறகு பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் மேடைக்கு வந்தார், அந்த வருஷம் அவருக்கு 50 வயது. முதல் பாட்டு தொடங்கியதும் எனக்கு இடப்பக்கம் நின்ற, தலையில் துடோங் முக்காடு போட்ட மலாய்ப் பெண்மணி ஒரு வரிகூட விடாமல் பாடினார். பின்னால் பிலிப்பினோ இளைஞர்கள் கூட்டம். முன்னால் ஒரு சீன அப்பா, மகனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு அதே வரிகளைக் கத்தினார். தஞ்சாவூரில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்த வரிகள் அவை! அன்றுவரை நான் இந்த ஊரில் வேலைபார்க்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கேதான் வாழ்கிறேன் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் வந்தது. நான் தனியாகத்தான் போயிருந்தேன். தோழி யாராவது கூட வந்திருந்தால் பாதி நேரம் அவளுக்குப் பாட்டை விளக்குவதிலேயே போயிருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கச்சேரிக்காக மட்டும் போகிறவர்களுக்கு விலை கூடிய இருக்கைச் சீட்டு தேவையே இல்லை. ஸோன் 4 வாக்அபவுட் என்று, இருக்கை இல்லாமல் நான்காம் பகுதியில் நடந்து திரிய ஒரு டிக்கெட் உண்டு. பாடாங் மேடை அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. மூன்று நாளுக்கும் சேர்த்து வாங்க வேண்டாம், உங்கள் குழு எந்த நாள் வாசிக்கிறது என்று பார்த்து அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். டெலிகிராமிலும் கரோசெல் விற்பனைத் தளத்திலும் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அப்படி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஊருக்கு அனுப்புவதை அனுப்பிவிட்டு, கைச்செலவில் இரண்டு மாதம் பிடித்துவைத்தால் சமாளிக்கலாம். அம்மாவிடம் மறைக்கவும் வேண்டாம். பாட்டுக் கேட்க இவ்வளவா என்று கேட்பார்கள்தான். நீங்கள் சம்பாதித்து உங்களுக்கென்று வாங்கும் முதல் பெரிய சந்தோஷம் இது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் குழு 2017 ஆகஸ்டில் இங்கே நேஷனல் ஸ்டேடியத்தில் வாசித்தபோது டிரம்ஸில் டெய்லர் ஹாக்கின்ஸ் இருந்தார். 2022 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். நிர்வாணாவின் கர்ட் கோபேன் இறந்த அதே 1994இல், அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து, நிர்வாணாவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் தொடங்கிய குழு இது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பெரிய இழப்புகளைத் தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறவர்கள், நம் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போகிற தூரத்துக்கு வருகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கவலை வேண்டாம். பாடாங் சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பந்தய நாட்களில் கடைசி ரயிலின் நேரத்தை நீட்டிப்பார்கள். உங்கள் நிலையத்துக்கு எத்தனை மணி வரை ரயில் என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள், ஏனென்றால் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத்தான் போவார்கள். கூட்டத்தில் பெண்கள் தனியாக நிற்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. ஆனாலும் யாராவது நெருக்கினால் பேசாமல் நகர்ந்து வராதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள், காவலர்கள் எல்லா ஓரத்திலும் நிற்பார்கள்.

எங்கே நிற்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேடையை ஒட்டித் தடுப்பு போட்ட பகுதிக்குப் போக ஆசை வரும், அதற்குச் சாயங்காலத்திலிருந்தே வரிசையில் நிற்க வேண்டும். முதல் முறை தனியாகப் போகிறவர் அதைச் செய்ய வேண்டாம். திடலின் நடுவில், ஒலியைக் கட்டுப்படுத்துகிறவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள். பாட்டு அவர்கள் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே உங்களுக்கும் விழும். குடை பிரித்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், அதனால் மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பழைய காலணி, காதுக்கு அடைப்பான், சாயங்காலமே வயிறு நிறையச் சாப்பாடு. இவ்வளவு போதும்.

கொஞ்சம் முன்னதாகவே போனால் அந்தத் திடலைச் சுற்றிப் பாருங்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு "டெல்லி சலோ" என்று முழங்கியது இதே பாடாங்கில்தான். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் நிறைய இருந்தார்கள், ஜான்சி ராணி படையில் பெண்களும் சேர்ந்தார்கள். எதிரே எஸ்பிளனேட் பூங்காவில் அந்த ராணுவத்தின் நினைவுச்சின்னம் முன்பு இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உங்கள் குழு வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை என்றால், திங்கள் காலைக்கு அரை நாள் விடுப்பு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த வாரம் எல்லா அலுவலகத்திலும் அதே விடுப்பைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள்.