செலவு கழித்துப் பங்கு

அண்ணே, வணக்கம். எனக்கு ஊர் ராமேசுவரம் பக்கம் மண்டபம். அப்பா விசைப்படகில் ஆளாகக் கடலுக்குப் போகிறார். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கைக்கு வருவது 23,000. சம்பளம் விழுந்ததும் ஊருக்கு 10,000 அனுப்பிவிடுவேன். வேளச்சேரியில் நாலு பேர் அறை, என் பங்கு 4,500. இப்போது தங்கைக்கும் சென்னையில் வேலை, 14,000 சம்பளம். இருவருக்குமாக வீடு பார்த்தால் வாடகை 13,000, அட்வான்ஸ் 1,00,000 என்கிறார்கள். அப்பாவோ, "வாடகைக் காசு கடலில் கரைத்த பெருங்காயம்" என்கிறார். கட்டுப்படியாகுமா?

— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள தம்பி,

அப்பா மேல் குறை இல்லை. நம் பக்கம் கீற்றுக் கொட்டகையானாலும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் அதே அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பாடு, அதாவது மீன்பிடிப்பு, முடிந்து வந்து பணம் கைக்கு வந்ததும் முதலில் என்ன நடக்கும்?

தங்கச்சிமடத்துக் கரையில் நான் பார்த்தது இது. இறாலையும் நண்டையும் எடை போட்டு முடித்ததும் படகு டிரைவர் மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதுவார். டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, சாப்பாட்டுச் சாமான் இவ்வளவு. எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு. டீசலுக்குக் காசு எடுக்காமல் பங்கு பிரித்தால் அடுத்த பாட்டுக்குப் படகு நகராது. நீங்கள் மாதாமாதம் அதைத்தான் செய்கிறீர்கள். வாடகைதான் தம்பி உங்கள் டீசல்.

சரி, கணக்குக்கு வருவோம். இருவருக்கும் சேர்த்து 37,000. அதில் 13,000 கொடுத்தால் மூச்சு முட்டும். 10,000க்குள் பாருங்கள். மின்சார ரயில் பாதையில் தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தேடலாம். கிண்டிக்கு நேர் வண்டி, சீசன் டிக்கெட் போதும். தங்கைக்கு வேலை எங்கே என்று எழுதவில்லையே? ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அவள் எப்படி வருவாள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் 1,00,000 என்பது ஏறக்குறைய எட்டு மாத வாடகை. 2019இல் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் உச்சம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பேரம் பேசுங்கள். காலி செய்யும்போது என்னென்ன பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். நான் சென்னையில் இருந்த காலத்தில், ஓனர் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. அதற்கும் வெள்ளையடிக்கவும் என்று ஒரு மாத வாடகை போயிற்று. காலண்டர் மாட்டக்கூடப் பயந்தேன் அதற்கப்புறம்.

தனி மீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே. ஓனர் யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்கினால் அது போச்சு.

ஊருக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் 7,000 அனுப்புங்கள். இன்னொரு 1,000 தனியே போட்டு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்பாவுக்குப் பாடு கிடையாது. அரசு நிவாரணம் 8,000 ரூபாயில் வீடு எத்தனை நாள் ஓடும்? மற்ற பத்து மாதத்தில் சேர்த்து வைத்த 10,000த்தைப் பிரித்து அந்த இரண்டு மாதமும் 12,000 அனுப்பலாம். எப்போதும் ஒரே தொகை போவதைவிட அம்மாவுக்கு அதுதான் உதவும்.

இதைப் போனில் சொல்லாதீர்கள், சண்டையாகிவிடும். ஊருக்கு வரும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டுங்கள். பில்லின் பின்பக்கம் இருந்தால் போதும்.